திருகாணி தொலையாத இடம்: விண்வெளிப் பழுதுபார்ப்பு ஆட்டங்கள் ஏன் இவ்வளவு இதமாக இருக்கின்றன?

நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, கணினியைத் திறந்து, மறுபடியும் ஒரு வேலையில் உட்காருகிறார்கள். அதுவும் சம்பளம் இல்லாத வேலை. போதாததற்குக் காசு கொடுத்து வாங்கிய வேலை. விண்கலத்தின் மூடியைக் கழற்றுவது, கருகிய ஃபியூஸை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகுவது, ஓட்டைக்கு ஒட்டுப்போடுவது. சுடுவதற்கு எதிரி இல்லை, முந்துவதற்குப் போட்டியாளர் இல்லை. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு "இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் ஒரு ராத்திரி, பழைய கப்பலொன்றைப் பிரிக்க உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மணி இரண்டு.

இந்த வகை ஆட்டங்களைத் தொட்டே பார்க்காதவர்களுக்காக, அந்த இரண்டு மணிக்கு என்ன காரணம் என்று சொல்லப் பார்க்கிறேன்.

என்ன ஆட்டங்கள் இவை?

சிமுலேஷன் என்றால் போலச் செய்வது. விமானம் ஓட்டுவதையும் நகரம் கட்டுவதையும் ஆட்டமாக்கியதுபோல, பழுதுபார்ப்பதையும் ஆட்டமாக்கியிருக்கிறார்கள். கார் மெக்கானிக், கணினி பூட்டுபவர் என்று பூமியில் நடப்பவை நிறைய உண்டு. அவற்றின் விண்வெளிச் சொந்தக்காரர்களைப் பற்றியதுதான் இந்தப் பேச்சு.

'ரோவர் மெக்கானிக் சிமுலேட்டர்' என்பது செவ்வாய்க் கோளில் ஒரு பட்டறை. பழுதான ரோவர் வண்டி மேடைக்கு வரும். சக்கரம், கேமரா, மின்பலகை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, கெட்டதை மாற்றி, மறுபடி பூட்டி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். 2024-ல் வந்த 'ஸ்டார் டிரக்கர்' விண்வெளியில் ஓடும் சரக்கு லாரி. ரேடியோவில் மற்ற ஓட்டுநர்களோடு பேசிக்கொண்டே போகலாம், ஆனால் நடுவில் பேட்டரி தீரும், ஃபியூஸ் போகும், லாரியின் உடம்பில் ஓட்டை விழும். விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு வெளியே போய் நாம்தான் அடைக்க வேண்டும்.

கனடாவின் பிளாக்பேர்ட் இன்டராக்டிவ் நிறுவனம் 2022-ல் முழுமையாக வெளியிட்ட 'ஹார்ட்ஸ்பேஸ்: ஷிப்பிரேக்கர்' கண்டிப்பாகப் பார்த்தால் பழுதுபார்ப்பு ஆட்டமே அல்ல. அதில் வேலை கப்பலை உடைப்பது. ஓய்வுபெற்ற விண்கலங்களை லேசர் கத்தியால் அறுத்து, துண்டுகளைத் தரம் பிரிக்க வேண்டும். உருக்க வேண்டியது உலைக்கு, பதப்படுத்த வேண்டியது இன்னொரு வாய்க்கு, அப்படியே மறுபடி பயன்படும் பொருள் கீழே மிதக்கும் படகுக்கு. ஆனாலும் இந்தக் குடும்பத்தில் அதைச் சேர்த்தே ஆக வேண்டும். எதைத் தொட்டால் எது கழன்று வரும் என்று தெரிவதுதானே ரிப்பேரில் பாதி?

தொலையாத திருகாணி

வீட்டில் எதையாவது பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். வேலை கஷ்டமாவது வேலையால் அல்ல. திருகாணி உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். தலை தேய்ந்துபோய் திருப்புளி வழுக்கும். எல்லாம் பூட்டி முடித்த பிறகு மேசையில் ஒன்று மிச்சமிருக்கும், அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

பழுதுபார்ப்பு ஆட்டங்களில் இவை எதுவும் கிடையாது. பட்டனை அழுத்திப் பிடித்தால் திருகாணி சுழன்று வெளியே வரும், நம் கணக்கில் சேர்ந்துவிடும். திரும்பப் பூட்டும்போது அது போக வேண்டிய இடம் ஒளிரும். தவறான பாகம் பொருந்தவே பொருந்தாது. நூறு முறை கழற்றினாலும் மரை தேயாது.

இதைச் சோம்பேறித்தனமான வடிவமைப்பு என்று நினைக்கத் தோன்றும். நிஜ விண்வெளியில் நடந்த ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த எண்ணம் போய்விட்டது.

பூமியைச் சுற்றிவரும் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியில் இருந்த நிறமாலைமானி (ஒளியைப் பிரித்து ஆராயும் கருவி) ஒன்று 2004-ல் மின்சாரப் பகுதி கெட்டு நின்றுபோனது. அதைச் சரிசெய்ய 2009 மே மாதம் மைக் மாசிமினோ என்ற விண்வெளி வீரர் ஹபிளுக்குப் போனார். கெட்டுப்போன மின்பலகைக்கு மேலே ஒரு மூடி. அந்த மூடியில் 111 திருகாணிகள். விண்வெளியில் யாரும் அதைத் திறப்பார்கள் என்று செய்தவர்கள் நினைத்திருக்கவில்லை. அத்தனையும் பொடிப் பொடித் திருகாணிகள். காற்று நிரம்பிய கையுறை போட்ட விரல்களால் அவற்றைப் பிடிக்கவே முடியாது. ஒன்று நழுவி தொலைநோக்கியின் உள்ளே மிதந்து போனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கும்.

பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மூடிக்கு மேலே பொருத்த ஒளி ஊடுருவும் தகடு ஒன்றைச் செய்தார்கள். ஒவ்வொரு திருகாணிக்கும் நேராக அதில் ஒரு சின்னத் துளை. திருப்புளி நுழையும், திருகாணித் தலை நுழையாது. கழன்ற திருகாணி தகட்டுக்குப் பின்னாலேயே சிக்கி நிற்கும். அப்புறம் தகடு, மூடி, திருகாணிகள் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக எடுத்துவிடலாம்.

யோசித்துப் பார்த்தால், ஆட்டம் செய்பவர்கள் ஒரே வரி நிரலில் செய்வதை நாசா உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் வருடக்கணக்கில் உழைத்துச் செய்திருக்கிறது. திருகாணி தொலையக் கூடாது. தொலையாது என்று உறுதியானால்தான் மனம் வேலையில் நிற்கும்.

அந்த 111-க்கு வருவதற்கு முன்னாலேயே மாசிமினோ மாட்டிக்கொண்டார் என்பது வேறு கதை. மூடிக்கு மேல் குறுக்கே ஒரு கைப்பிடி. அதில் நான்கே திருகாணிகள். மூன்று கழன்றன, நான்காவதன் தலை தேய்ந்துவிட்டது. தரையில் இருந்தவர்கள் அவசர அவசரமாகச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன யோசனை, பிடித்து இழுத்து உடைத்துவிடு என்பதுதான். சிதறல் பறக்காமலிருக்க நாடாவைச் சுற்றி ஒட்டிவிட்டு, கோடிக்கணக்கில் செலவான தொலைநோக்கியின் கைப்பிடியைக் கையாலேயே பிய்த்து எடுத்தார். அன்றைய விண்வெளி நடை எட்டு மணி நேரம் நீண்டது. நிறமாலைமானி மறுபடி உயிர்பெற்றது.

இதை யாரும் இதமான அனுபவம் என்று சொல்ல மாட்டார்கள். ஆக, விண்வெளிப் பழுதுபார்ப்பில் இயல்பாகவே அமைதி இருக்கிறது என்று நினைத்தால் தப்பு. நிஜத்திலிருந்து சிலவற்றை நீக்கி, சிலவற்றை அப்படியே விட்டு, அந்த அமைதியை யாரோ செய்து கொடுக்கிறார்கள். எதை நீக்குகிறார்கள், எதை விடுகிறார்கள் என்பதில்தான் மொத்த சூட்சுமமும்.

கடிகாரம்

நீக்குவதில் முக்கியமானது கடிகாரம். 'ஹார்ட்ஸ்பேஸ்' இதற்கு அருமையான உதாரணம், ஏனென்றால் அந்த ஒரே ஆட்டத்தில் கடிகாரம் உள்ள முறை, இல்லாத முறை இரண்டும் இருக்கின்றன. வழக்கமான முறையில் ஒரு ஷிஃப்ட் 15 நிமிடம். ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும், உந்து எரிபொருளும் குறையும். இன்னொரு முறையில் நேரக் கணக்கும் இல்லை, ஆக்சிஜன் கணக்கும் இல்லை. கப்பல் அதே கப்பல், கத்தி அதே கத்தி. முதல் முறையில் விளையாடினால் தோள்பட்டை இறுகும். இரண்டாவதில் சுவாசம் நீளும். நான் இரண்டாவது கட்சி, அதில் எனக்கு வெட்கமில்லை.

எதிர்முனையைப் பார்க்க வேண்டுமானால் 2022-ல் வந்த 'டின் கேன்' இருக்கிறது. தப்பிக்கும் சிறு கூண்டுக்குள் அடைபட்டிருப்போம். ஆக்சிஜன் இயந்திரம் நிற்கும், மின்சாரம் போகும், கையேட்டைப் புரட்டிப் புரட்டி ஒன்றின் பாகத்தைப் பிடுங்கி இன்னொன்றில் போட்டு உயிர் பிழைக்க வேண்டும். செய்யும் வேலை என்னவோ அதே கழற்றல், மாட்டல்தான். ஆனால் பத்து நிமிடத்தில் உள்ளங்கை வியர்த்துவிடும். நல்ல ஆட்டம்தான், தூங்கப் போகும் முன் விளையாடுவதற்கானது அல்ல.

நீக்காமல் விடுவது எதை? பொருளின் எதிர்ப்பை. 'ஹார்ட்ஸ்பேஸ்' எவ்வளவு தளர்வாக இருந்தாலும், உள்ளே காற்றழுத்தம் இருக்கும் அறையின் சுவரை அப்படியே அறுத்தால் மொத்தமும் வெடித்துச் சிதறும். முதலில் காற்றை வெளியேற்ற வேண்டும். அணு உலையைப் பிடுங்கினால் அது சூடேறத் தொடங்கும், சீக்கிரம் படகில் சேர்க்காவிட்டால் வெடிக்கும். என் முதல் உலையைக் கழற்றியபோது படகுக்குப் போகும் வழியில் ஒரு தளத்தை அறுக்காமல் விட்டிருந்தேன். வழியை முதலில் திறந்துவிட்டு உலையைத் தொட வேண்டும் என்பது வெள்ளை வெளிச்சம் அடங்கிய பிறகுதான் புத்திக்கு உறைத்தது.

இந்த எதிர்ப்பையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பட்டன் அழுத்தல். சில மலிவான ஆட்டங்கள் அப்படித்தான் இருக்கின்றன. அரை மணி நேரத்தில் அலுத்துவிடும். பொருளுக்கென்று ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அதை மீறினால் அது ஒத்துழைக்கக் கூடாது. ஆனால் மீறியதற்கான தண்டனை, அடுத்த முயற்சிக்குத் தடையாக இருக்கக் கூடாது.

எங்கே கெட்டது என்று கண்டுபிடிப்பது

மாட்டுவதைவிடக் கண்டுபிடிப்பதில்தான் எனக்குச் சுகம் அதிகம். விளக்கு எரியவில்லை. பல்பா, கம்பியா, ஃபியூஸா, பேட்டரியா? ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒன்று மாட்டும். ஆட்டத்துக்குள் எந்தப் பழுதுக்கும் ஒரு காரணம் நிச்சயம் உண்டு, அது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும் என்ற உத்தரவாதம் இருக்கிறது. வெளியே வாழ்க்கையில் கெட்டுப்போகும் விஷயங்களுக்கு அப்படி ஓர் உத்தரவாதம் யார் தருகிறார்கள்?

நிஜத்திலும் இதற்கு அழகான உதாரணம் ஒன்று உண்டு. 1977-ல் ஏவப்பட்ட, ஆளில்லாத நாசா கலமான வாயேஜர் 1 2023 நவம்பரில் திடீரென்று புரியாத உளறலை அனுப்பத் தொடங்கியது. அப்போது அது சுமார் 2,400 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. இங்கிருந்து ஒரு கட்டளை போய்ச் சேர 22 மணி நேரத்துக்கு மேல், பதில் வர இன்னும் அவ்வளவு. கேள்வி கேட்டுவிட்டு ஏறக்குறைய இரண்டு நாள் காத்திருந்து கேட்டுக் கேட்டுத்தான் பழுதைத் துரத்தினார்கள். நினைவகச் சில்லு ஒன்று கெட்டிருக்கிறது என்று தெரிந்தது. அதைத் தொட்டு மாற்ற யாராலும் முடியாது. அதில் இருந்த நிரலைத் துண்டு துண்டாக்கி, நினைவகத்தின் வேறு இடங்களில் ஒதுக்கி வைத்தார்கள். 2024 ஏப்ரலில் கலம் மறுபடி புரியும்படி பேசியது. திருப்புளியே இல்லாத ரிப்பேர்.

அதற்கு விண்வெளி எதற்கு?

கார் பட்டறையிலும் இதே சுகம் கிடைக்கலாமே? கிடைக்கும். ஆனால் விண்வெளி சில காரியங்களைச் சுலபமாக்கிக் கொடுக்கிறது.

ஒன்று, சில விண்கலங்கள் நிஜமாகவே கழற்றி மாட்டுவதற்கு ஏற்றபடி செய்யப்படுபவை. ஹபிளை 1990-ல் ஏவும்போதே, மனிதர்கள் வந்து பாகங்களை முழுசு முழுசாக மாற்றுவார்கள் என்று கைப்பிடிகளும் திறக்கும் கதவுகளும் வைத்துத்தான் கட்டினார்கள். 1993 முதல் 2009 வரை ஐந்து முறை போய் மாற்றவும் செய்தார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்திலும் பம்பு, பேட்டரி, மின்பெட்டி எல்லாம் முழு அலகாகக் கழற்றி முழு அலகாக மாற்றும் விதத்தில் இருக்கின்றன. ஆட்டம் செய்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பாதி வடிவமைப்பு தயாராகவே கிடைக்கிறது.

இன்னொன்று, எடையின்மை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எடை இல்லாவிட்டால் எல்லாம் சட்டென்று நடக்கும் என்று நினைப்போம். எடைதான் போகிறது, நிறை போவதில்லை. வண்டியளவு இரும்புப் பலகையை விரலால் தள்ளினால் நகரத் தொடங்கும், ஆனால் மெதுவாகத்தான். நகர்ந்துவிட்டால் நிறுத்துவதும் அதே அளவு கஷ்டம். நாம் தள்ளினால் அது முன்னே போகும், நாம் பின்னே போவோம். பிடிமானமில்லாமல் திருப்புளியைத் திருகினால் திருகாணிக்குப் பதில் நாம் சுற்றுவோம். இதனால் அவசரப்படுபவன் விண்வெளியில் எப்போதும் தோற்பான். ஆட்டம் நம்மை "மெதுவாகப் போ" என்று சொல்வதே இல்லை. இயற்பியல் சொல்லிவிடுகிறது. பத்து நிமிடம் மிதந்தபின் கை தானாகவே நிதானத்துக்கு வந்துவிடும்.

கைநழுவியது திரும்பி வராத இடமும் விண்வெளிதான். 2008 நவம்பரில் ஹைடிமேரி ஸ்டெஃபனிஷின்-பைப்பர் என்ற நாசா வீராங்கனை விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தார். கருவிப் பைக்குள் கிரீஸ் துப்பாக்கி கசிந்துவிட, அதைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பை ஒன்று நழுவி மிதந்து போனது. கைக்கெட்டும் தூரத்தைத் தாண்டிவிட்டால் அவ்வளவுதான், பார்த்துக்கொண்டு நிற்கலாம். மிச்ச வேலையை உடன் இருந்தவரின் கருவிகளைப் பங்குபோட்டு முடித்தார்கள். ஆட்டத்தில் கருவி இடுப்பை விட்டுப் போகாது. பிரித்த துண்டு நழுவினால் கொக்கியை வீசி இழுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது காரணத்தை நிரூபிக்க முடியாது, என் அபிப்பிராயம்தான். வெளியே முடிவில்லாத இருட்டு, உள்ளே ஒரு விளக்கு, கையில் ஒரு வேலை. வெளியே கொட்டும் மழையில் போர்வைக்குள் சுருண்டிருப்பது போன்ற ஒரு நிலை. கதவைத் தட்ட யாரும் வர முடியாது. காற்றில்லாத இடத்தில் சத்தமும் வராது. காதில் விழுவது நம் மூச்சும், கையுறை வழியாக வரும் கருவியின் அதிர்வும். நல்ல ஆட்டங்கள் இந்த அமைதியைப் பொக்கிஷம்போலக் காப்பாற்றுகின்றன. சில ஆட்டங்கள் ஓயாமல் பேசும் துணைவனை ரேடியோவில் வைத்துக் கெடுத்துக்கொள்கின்றன. அவன் குரலை அணைக்கும் வசதி இருந்தால் அதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

மனநிலை நிஜமாகவே மாறுகிறதா, அல்லது நமக்கு நாமே சொல்லிக்கொள்வதா? இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆட்டமான 'பவர்வாஷ் சிமுலேட்டர்' அதற்கு உதவியது. தண்ணீரைப் பீய்ச்சி அழுக்கைக் கழுவுவது மட்டுமே அதில் வேலை. செவ்வாய் ரோவர் ஒன்றைக் கழுவும் வேலைகூட அதில் உண்டு, எனவே முழுக்க அந்நியமல்ல. அதன் ஆராய்ச்சிப் பதிப்பொன்றில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், விளையாடும்போதே நடுநடுவே "இப்போது மனநிலை எப்படி?" என்று கேட்டார்கள். 39 நாடுகளைச் சேர்ந்த 8,695 பேர், 67,328 அமர்வுகள். 72 சதவீதம் பேருக்கு மனநிலை சற்று உயர்ந்தது, அதுவும் பெரும்பாலும் முதல் 15 நிமிடத்திலேயே. 'சற்று' என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம். இவர்கள் விருப்பப்பட்டு அந்த ஆட்டத்தை வாங்கியவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். மருந்துச் சீட்டில் எழுதித் தரும் அளவுக்கு யாரும் போகவில்லை.

உளவியலில் 'ஃப்ளோ' என்று ஒன்று உண்டு. மிஹாய் சீக்சென்ட்மிஹாயி என்ற ஹங்கேரிய-அமெரிக்க உளவியலாளர் பிரபலமாக்கியது. இலக்கு தெளிவாக இருந்து, செய்ததன் பலன் உடனே தெரிந்து, சவாலும் திறமையும் சமமாக இருந்தால் ஆள் வேலையில் மூழ்கிவிடுகிறார், நேரம் போவது தெரிவதில்லை. 'பவர்வாஷ்' ஆட்டத்தில் ஒரு பாகம் முழுதாகச் சுத்தமானதும் அது மின்னி, 'டிங்' என்று ஒரு மணியடிக்கும். அந்த மணிதான் 'உடனே தெரியும் பலன்'. நிஜ வேலையில் நமக்கு யார் மணியடிக்கிறார்கள்?

'ஹார்ட்ஸ்பேஸ்' கதையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதில் நாம் 100 கோடிக்கு மேல் கடனோடு ஒரு பிரம்மாண்ட நிறுவனத்திடம் சிக்கிய கூலித் தொழிலாளி. உடைக்கும் கருவிக்குக்கூட வாடகை பிடிப்பார்கள். உழைப்புச் சுரண்டலையும் தொழிற்சங்கத்தையும் பற்றிய கசப்பான கதை அது. அதை விளையாடி மனம் லேசாகிறது என்கிறார்கள், நானும் சேர்த்துத்தான். கதை சொல்வது ஒன்று, கை உணர்வது ஒன்று. இந்த முரணை அந்த ஆட்டம் தெரிந்தேதான் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தொடங்குபவர்களுக்கு

முதலில் ரோவர் பட்டறை மாதிரி அவசரமில்லாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மிதந்து பழக ஆசையிருந்தால் 'ஹார்ட்ஸ்பேஸ்', ஆனால் தொடக்கத்திலேயே நேர வரம்பில்லாத முறையைத் தேர்ந்தெடுங்கள். சுற்றிச் சுற்றி மிதப்பதில் சிலருக்குத் தலைசுற்றும். அப்படியானால் பார்வைக் கோணத்தை அகலமாக்கி, எதிரே ஏதாவது நிலையான பொருளை வைத்துக்கொண்டு நகருங்கள். முதல் கப்பலை முழுக்க முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பாதியில் விட்டுப் போனாலும் விட்டது விட்டபடி இருக்கும்.

உலையைத் தொடும் முன் வெளியே போகும் வழியை அறுத்து வையுங்கள்.